ஒரு வீடு, இரு புதல்வர்

வைத்தியர் வீட்டிலேயே மனோவியாதி புகுந்தால் அவ்வீட்டார் என் செய்வர்? இவ்வினாவை எழுப்பும் நூலொன்றை அண்மையில் வாசித்தோம். நரம்பு வைத்திய நிபுணர் ஆலிவர் சாக்ஸ் எழுதி, அவர் காலமான 2015-ம் ஆண்டிலேயே வெளிவந்த ‘ஆன் தி மூவ்’ என்னும் சுயசரிதமே அது.

சாக்ஸ் குடும்பத்தார் லண்டனில் வாழ்ந்த, ஆசாரந் தவறாத யூதர்கள். தந்தை சாமுவேல் வைத்தியர்; தாய் முரியேல் எல்ஸி ரணசிகிச்சையில் வல்லவர். கல்விக்கோ, கௌரவத்திற்கோ, தெய்வ பக்திக்கோ குறைவில்லை. புதல்வர் நால்வருள் ஆலிவர் கடைசி. அவருக்கு நேர் மூத்தவர் மைக்கேல்.

1939-ல் யுத்தம் மூண்டதும் இவ்விருவரும் வெளியூர் விடுதிப் பள்ளியொன்றுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே கண்டது பசியும் பிரம்படியுமே. டிக்கன்ஸின் ‘நிக்கோலஸ் நிக்கிள்பி’ முழுவதையும் மனனஞ் செய்திருந்த மைக்கேலுக்குப் பதினைந்து வயதளவில் சித்தப்பிரமை கண்டது. இன்சுலின் செலுத்தி மூர்ச்சையுறச் செய்யும் அக்காலத்துச் சிகிச்சையும், பின்னர் வந்த மருந்துகளும் அவரை அடக்கினவேயன்றி வாழ்விக்கவில்லை.

தம்பியோ 1960-ல் இங்கிலாந்தை விட்டகன்றார். அண்ணனுடைய துயரத்தினின்று தப்பியோடியதும் அதற்கொரு காரணமென அவரே ஒப்புக்கொள்கின்றார். ஆனால் அமெரிக்காவில் அவரைப் பற்றியது ஆம்பெட்டமின் என்னும் போதை மருந்து. 1965 இறுதியில், உதவி நாடாவிடில் இன்னொரு புத்தாண்டைக் காண்பதில்லையென உணர்ந்தார். 1966-ல் லெனார்ட் ஷென்கோல்ட் என்னும் மனோவைத்தியரை அடைந்தார். அவ்வுறவு ஏறக்குறைய ஐம்பதாண்டு நீடித்தது.

இவ்விரு நோய்களும் ஒன்றல்ல. ஒன்றுக்குரிய சிகிச்சை மற்றொன்றுக்காகாது. ஆயினும் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். தம்பிக்குக் கிடைத்தது கேட்கும் செவி. தமையனுக்குக் கிடைத்தது ஊசியும் மாத்திரையும். மருந்து மட்டும் போதாது, துணையும் தோழமையும் சுயமரியாதையும் வேண்டும் என்று ஆசிரியர் எழுதுவது, தம் குடும்பம் தவறவிட்டதைக் கண்டு எழுதியதேயாம்.

நூலில் குறையுமுண்டு. மோட்டார் சைக்கிள் சவாரிக்கும் நீச்சலுக்கும் பக்கங்களைத் தாராளமாய் வழங்கும் ஆசிரியர், மைக்கேலுக்குச் சிறிதே இடந்தருகின்றார். அவர் மனத்தில் என்ன நிகழ்ந்ததென அறிய விழையும் வாசகர் ஏமாற்றமே அடைவர். அந்நியரான நோயாளிகளின் கதையை அவ்வளவு பரிவுடன் கேட்டெழுதிய பேனா, உடன்பிறந்தானிடம் வந்ததும் தயங்கி நிற்கின்றது.

எனினும் அத்தயக்கத்தை அவர் மறைத்தாரில்லை. தாம் ஓடிப்போனதைத் தியாகமென்றோ, விதியென்றோ பூசி மெழுகவில்லை. பெற்றோர் மீதும் முழுப்பழியைச் சுமத்தவில்லை. இவ்வுண்மையே நூலின் உயிர்.

அன்பர்களே, வைத்தியம் கற்ற வீட்டிலும் வெட்கம் குடியிருக்கக் கூடுமென்பதை இந்நூல் காட்டுகின்றது. புத்தி கலங்கிய பிள்ளையும், போதையில் வீழ்ந்த பிள்ளையும் எக்குலத்திலும் பிறப்பர். நோய் குடும்பத்திற்கு இழிவன்று. நோயாளியைப் பேச விடாது மூலையில் இருத்துவதே இழிவு. ஆங்கிலம் அறிந்தோர் இதனை வாசித்து, அறியாதோர்க்கு எடுத்துரைப்பாராக.