நன்றியும் குறியெதிர்ப்பையும்: செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

அண்மையில் தமிழாசிரியர்களுக்கான பணிப்பட்டறை ஒன்றில், திருக்குறளின் பதினோராம் அதிகாரமாகிய செய்ந்நன்றியறிதலை வகுப்பறையில் எங்ஙனம் கற்பிப்பது என்பது பற்றிய கலந்துரையாடல் நடைபெற்றது. மூத்த ஆசிரியை ஒருவர் எழுந்து, “இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயிலிருந்து நன்றி என்னும் ஒரு சொல் வருவதில்லை, நூலை எடுத்துக் கொடுத்தாலும் சரி, விண்ணப்பத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தாலும் சரி, வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். வள்ளுவர் இவர்களுக்காகத்தான் ஓர் அதிகாரத்தையே எழுதி வைத்திருக்கிறார்” என்றார். அவையில் பலரும் ஆமோதித்தனர். நானும் தலையசைத்தேன். அதற்கு இரு வாரங்களுக்கு முன்புதான் மாணவர் ஒருவருக்காக இரவு நெடுநேரம் விழித்திருந்து பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தேன். பதிலாக ஒரு வரி மின்னஞ்சல்கூட வரவில்லை என்னும் மனக்குறை எனக்கும் இருந்தது.

அன்று மாலை அவ்வதிகாரத்தை ஒரே ஒரு வினாவோடு மீண்டும் படித்தேன். இப்பத்துக் குறள்களும் யாரை நோக்கிப் பேசுகின்றன? முதல் மூன்று குறள்கள் உதவியின் பெருமையை மண்ணுலகையும் விண்ணுலகையும் கடலையும் கொண்டு அளக்கின்றன. அளப்பவர் யார்? உதவியைப் பெற்றவரே. தினையளவு செய்ததைப் பனையளவாகக் காண்பவரும் அவரே. அடுத்துவரும் குறளோ, உதவியின் அளவு உதவியில் இல்லை, அதனைப் பெற்றவரின் சால்பில் உள்ளது என்கிறது. மறவாதே, துறவாதே, பெரும் தீங்கு நேர்ந்தாலும் அவர் முன்பு செய்த நன்மை ஒன்றையேனும் நினைத்துப் பார் என்பன யாவும் பெற்றவருக்குரிய கட்டளைகள். கொடுத்தவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இவ்வதிகாரத்தில் தெளிவான குறிப்பு ஒன்றுதான் உண்டு. பின்வரும் பயனை எடைபோட்டுப் பாராமல் செய்தவர் என மூன்றாம் குறள் அவரைச் சுட்டுகிறது. ஆக, கொடுத்தவருக்கென்று அவ்வதிகாரம் ஏதேனும் சொல்கிறது என்றால், அது கணக்குப் பாராதே என்பதே.

இவ்வாறிருக்க, இறுதிக் குறளை நாம் பயன்படுத்தும் முறை வியப்புக்குரியது. நன்றி கொன்றவனுக்கு உய்வில்லை என்னும் கருத்து, பெற்றவர் தம்மைத் தாமே எச்சரித்துக்கொள்ளுதற்கு உரியது. நடைமுறையிலோ அது பெரும்பாலும் கொடுத்தவரின் வாயிலிருந்தே வெளிப்படுகிறது. பெற்றோர் பிள்ளைகளிடமும் முதலாளி தொழிலாளியிடமும் மானியம் பெற்றுத் தந்தவர் மேடையில் நின்று ஒரு சமூகத்திடமும் அதனை நினைவூட்டுகின்றனர். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்னும் பழமொழிக்கும் இதே நிலைதான். அது உண்டவருக்குச் சொன்னது; எடுத்துச் சொல்பவர் பெரும்பாலும் உப்பிட்டவராக இருக்கிறார். நூலின் சொற்கள் மாறவில்லை. சொல்லும் வாய் மாறிவிட்டது. வாய் மாறினால் அறநெறி மிரட்டலாகிவிடும் என்பதை உரை கற்பிக்கும் நாம் போதிய அளவு கவனிக்கவில்லை எனலாம்.

இதற்கு ஒரு சொல்வரலாற்றுக் காரணமும் உண்டு. குறளில் ‘நன்றி’ என்பது பெற்றவர் சொல்லும் சொல் அன்று. கொடுத்தவர் செய்த நன்மை. நல்லொழுக்கம் நன்றிக்கு வித்து என்னும் இடத்திலும், நன்றி பயவாத வினையை விலக்க வேண்டும் என்னும் இடத்திலும் நன்மை அல்லது பயன் என்பதே பொருள். ‘செய்ந்நன்றி’ என்பது பிறர் செய்த நன்மை. அதனை ‘அறிதல்’ மறவாமையாகும் என்றே பரிமேலழகரும் விளக்குகிறார். அச்சொல் ஏற்கும் வினைகளை நோக்கினாலே மாற்றம் விளங்கும். அன்று நன்றியைச் செய்தனர், அறிந்தனர், மறந்தனர், கொன்றனர். இன்று நன்றியைச் சொல்கிறோம், தெரிவிக்கிறோம், செலுத்துகிறோம். வரி செலுத்துவது போல நன்றி செலுத்துவது என்னும் வழக்கு வந்தபின், செலுத்தாதவர் பாக்கிதாரர் ஆவது இயல்புதானே! இப்பொருளோடு பழைய அதிகாரத்தைப் படிக்கும் மாணவர், வள்ளுவர் தம்மை ‘நன்றி’ என்று சொல்லச் சொன்னார் எனக் கட்டுரை எழுதுகிறார். அத்தகைய விடைகளுக்கு நானும் மதிப்பெண் வழங்கியிருக்கிறேன்.

தமிழில் வாய்மொழி நன்றி அரிதாக இருப்பது ஆய்வாளர் கவனத்தை முன்பே ஈர்த்துள்ளது. மகாதேவ் ஆப்தே 1974இல் வெளியிட்ட ஒப்பீட்டுக் கட்டுரையில், ஆங்கிலத்தைப் போலத் தெற்காசிய மொழிகளில் நன்றிச்சொல் அன்றாட வழக்காக இல்லை என்பதையும், குடும்பத்தினரிடையே அதற்கு இடமில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். அர்ஜுன் அப்பாதுரை 1985இல் தென்னிந்தியச் சமூகத்தில் நன்றியுணர்வு குறித்து எழுதிய கட்டுரையும், சொல்லைவிடச் செயல்வழியே அது வெளிப்படும் முறைகளை ஆராய்ந்தது. நூலகத்தில் இவற்றைப் படிப்பதற்கு முன்பே வீட்டில் இப்பாடத்தை நான் கற்றிருந்தேன். வெளிநாட்டில் பயின்ற காலத்தில், பேருந்தினின்று இறங்குவோர் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி கூறும் நகரில் வாழ்ந்தேன். அப்பழக்கத்தோடு விடுமுறையில் வீடு திரும்பி, தேநீர் கொடுத்த அம்மாவிடம் “நன்றி அம்மா” என்றேன். “ஏன், நான் என்ன வெளியாளா?” என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போனவர், அன்று முழுதும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படியாயின் கொடுப்பவருக்குரிய நெறி எங்கே பேசப்படுகிறது? இருபத்திரண்டாம் அதிகாரமாகிய ஒப்புரவறிதலில். ஒப்புரவு என்பதை உலகநடை என்று கொள்ளும் பரிமேலழகர், அது அறநூல்களில் விதித்துக் கூறப்படுவதன்று, ஒருவர் தாமே அறிந்து செய்வது, அதனால்தான் ‘அறிதல்’ எனப்பட்டது என்கிறார். நாம் இன்று அன்றாடப் பண்பு, இங்கிதம் என்று கூறுபவற்றுக்கு இதனினும் பொருத்தமான பழஞ்சொல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவ்வதிகாரம் காட்டும் உவமைகள் மழை, நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் என்பன. மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்ய இயலும் என்பதே தொடக்கக் குறளின் வினா. ஊருணியில் நீர் மொண்டு செல்பவர் ஊருணியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் செல்வதில்லை. இரண்டு அதிகாரத் தலைப்புகளும் ‘அறிதல்’ என்றே முடிவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பெற்றவர் அறிய வேண்டியது வேறு, கொடுப்பவர் அறிய வேண்டியது வேறு என்பதில் ஐயமில்லை. ஒருவரின் பாடத்தை மற்றவர் கையில் கொடுத்தால் இரண்டுமே கெடும்.

இங்கு ஓர் இடையூறு எழுகிறது. நம் பள்ளிகளில் பயிலப்படும் மூதுரையின் முதற்பாடல், நன்மை செய்தவர் அதன் பயன் எப்போது வரும் என்று ஏங்க வேண்டியதில்லை என்கிறது. அடிக்கு ஊற்றிய நீரைத் தென்னை தலையால் தருவதை அது உவமையாக்குகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் எதிர்பாராமையைத்தானே கூறுகிறது என்று தோன்றும். ஆனால் மழையும் தென்னையும் ஒன்றல்ல. மழைக்குத் திரும்பக் கொடுக்க எவராலும் இயலாது. தென்னையோ ஊற்றியவனுக்கே, அதுவும் ஊற்றியதைவிட இனிய நீரைத் தந்துவிடுகிறது. முன்னது கைம்மாற்றை அடியோடு மறுக்கிறது. பின்னது கைம்மாறு உறுதி, தவணைதான் தெரியாது என்கிறது. அடுத்த பாடல் கல்லில் பொறித்த எழுத்து, நீரில் எழுதிய எழுத்து என்று பெறுவோரைத் தரம் பிரிப்பதும் இதே நோக்கில் அமைந்ததே. சிறுவர்க்கு ஊக்கம் தரும் பாடல் என்ற வகையில் மூதுரையைக் குறை கூற மாட்டேன். ஆயினும், சிறுவயதில் தென்னையைப் படித்துவிட்டு வளர்ந்தபின் மழையைப் படிக்கும் நாம், மழையையும் தென்னையாகவே படித்துவிடுகிறோம்.

திரும்ப வருவதற்குப் பழந்தமிழில் நுட்பமான ஒரு சொல் உண்டு. அண்டை வீட்டில் ஒரு படி அரிசி வாங்கி, பின்னர் அதே படியால் அளந்து திருப்பிக் கொடுப்பது குறியெதிர்ப்பை எனப்பட்டது. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றவை யாவும் குறியெதிர்ப்பையின் தன்மையுடையவை என்று ஈகை அதிகாரத்தின் முதற்குறள் கோடு கிழிக்கிறது. குறியெதிர்ப்பை இழிவானதன்று, அண்டை அயலார் வாழ்வு அதனால்தான் நடக்கிறது. அதனைச் செய்துவிட்டு ஈகை செய்ததாக எண்ணிக்கொள்வதே தவறு. ‘நன்றி’ என்னும் சொல்லை எதிர்பார்த்துச் செய்யும் உதவியும் ஒரு குறியெதிர்ப்பைதான். அளக்கும் படி மட்டும் சொல்லால் ஆனது. எனது பரிந்துரைக் கடிதம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை.

சங்கப் புலவர்கள் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தனர். இப்பிறப்பில் செய்தது மறுபிறப்புக்கு உதவும் என எண்ணி அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் ஆய் என்று உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடுகிறார் (புறம். 134). பேகனின் கொடை மறுமையை நோக்கியதன்று, பிறர் வறுமையை நோக்கியது என்கிறார் பரணர் (புறம். 141). நம் வினாவுக்கு மிக நெருக்கமாக வருபவர் பெருஞ்சித்திரனார். குமணனிடம் பெற்ற செல்வத்தோடு வீடு திரும்பிய அவர், அதை வைத்து வாழ்ந்துவிடலாம் என எண்ணாதே, என்னையும் கேளாதே, எல்லார்க்கும் கொடு என்று மனைவியிடம் கூறுகிறார் (புறம். 163). கொடுக்க வேண்டியவர் வரிசையில், பசிக்கு முன்பு குறியெதிர்ப்பை தந்து உதவியவர்களும் இடம்பெறுகின்றனர். குறளில் வரும் அதே சொல்! இங்கே கடன் தீர்க்கப்படுகிறது. அத்துடன் கணக்கற்ற ஈகையும் நிகழ்கிறது. குமணன் பெயர் கொடை தந்தவன் என்ற வகையில் ஒலிக்கிறது. ஆனால் நன்றி அவனிடம் திரும்பிச் செல்லவில்லை, தெருவுக்குச் செல்கிறது.

அதே புலவர் மறுபக்கத்தையும் காட்டுகிறார். அதியமான் நெடுமான் அஞ்சி அவரை நேரில் காணாமல், இதனைப் பெற்றுச் செல்க என்று பரிசில் அனுப்பியபோது, காணாது தந்த பொருளைப் பெற நான் வணிகப் பரிசிலன் அல்லேன், தகுதியறிந்து விருப்போடு தரின் தினையளவும் இனிது என்று மறுத்துவிட்டார் (புறம். 208). தினை இங்கும் வருகிறது. கொடுப்பவர் வணிகர் ஆகக் கூடாது என்றால், பெறுபவரும் வணிகராக நடத்தப்படக் கூடாது என்பது அவரது வாதம். (இளவெளிமான் தந்த சிறு பரிசிலை மறுத்துச் சென்று, குமணனிடம் பெற்ற யானையைக் கொண்டுவந்து அவனுடைய காவல்மரத்தில் கட்டிக் காட்டியவரும் இவரே. அதை இங்கிதமான செயல் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.) நன்றி கூறாத மாணவரைக் குறித்து நாம் வருந்துவதிலும் இதற்கிணையான ஒரு நியாயம் உண்டு. நமக்கு உறுத்துவது சொல் வராதது மட்டுமன்று; நாம் காணப்படவில்லை என்பதும்தான். அவ்வருத்தம் மெய்யானது. அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குச் செய்ந்நன்றியறிதலைச் சான்றாக அழைக்க இயலாது. மாணவரின் விண்ணப்பத்தில் முகம் நிமிராமல் கையொப்பமிட்டுக் கொடுக்கும்போது நாமும் அதியமானின் பிழையைத்தான் செய்கிறோம்.

பெற்றவர் கடனுக்கும் எல்லை உண்டு என்பது நம் பட்டிமன்ற மேடைகள் பெரிதும் மறந்துவிட்ட செய்தி. செஞ்சோற்றுக் கடன் என்றவுடன் கர்ணனே முன்வந்து நிற்கிறான். 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படத்திற்குப் பின் அவனை எதிர்த்துப் பேசுவதே இயலாத காரியமாகிவிட்டது. பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில் செய்ந்நன்றியறிதலை அடுத்து நடுவுநிலைமை வருகிறது. நன்மை செய்தவரிடத்து அந்நன்மையை நினைக்கும்போது நடுவுநிலைமை சிதையக்கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்காகவே இவ்வதிகாரம் அடுத்து வைக்கப்பட்டது என்று அவர் காரணம் கூறுகிறார். நன்றிக்காக ஒருவரிடம் நீதியை விலையாகக் கேட்க முடியாது. தேர்வாளராகவும் நேர்காணல் குழுவினராகவும் அமரும் நம் போன்றோர்க்கு இக்குறிப்பு, கர்ணன் கதையைவிடப் பயனுடையது என்பேன்.

பல்லினச் சூழலில் வாழும் நமக்கு வாய்மொழி நன்றி இன்றியமையாதது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய மரியாதை இயக்கமும், மலேசியாவில் 2005இல் தொடங்கிய பூடி பஹாசா இயக்கமும் அத்தேவையின் அடிப்படையில் எழுந்தவையே. அம்மாவிடம் வெளியாளாக்கும் சொல், கடைக்காரரிடமும் பேருந்து ஓட்டுநரிடமும் அவரை மனிதராக்கும் சொல்லாகிறது. இரண்டு இடங்களுக்கும் ஒரே விதியைக் கற்பிப்பதே சிக்கல். மலாய் மொழியில் ‘ஊத்தாங் பூடி’ என்னும் நன்றிக்கடன், வாழ்நாள் முழுதும் தீராத கடனாகக் கருதப்படுகிறது. அன்றாட நன்றிச்சொல்லாகிய ‘தெரிமா காசே’யோ, சொல்லளவில் அன்பைப் பெற்றுக்கொள்ளுதல் என்றே பொருள்படுகிறது. பெரிய கடனுக்கு ஒரு சொல்லும் சிறிய இங்கிதத்துக்கு வேறொரு சொல்லும் அம்மொழியில் இருக்கின்றன. நாமோ ‘நன்றி’ ஒன்றையே இரண்டுக்கும் சுமத்தி, நூலை எடுத்துக் கொடுத்ததற்கும் உய்வில்லை என்னும் குறளை ஓதுகிறோம்.

இவ்வாண்டு முதலாமாண்டு வகுப்பில் இதுபற்றிப் பேசியபோது மாணவி ஒருவர், “யாராவது நன்றி என்றால் தமிழில் என்ன பதில் சொல்வது, ஐயா?” என்று கேட்டார். இருக்கட்டும், பரவாயில்லை, இதில் என்ன இருக்கிறது என்று சிலவற்றைச் சொல்லிப் பார்த்தேன். அவை எல்லாமே நன்றியை ஏற்றுக்கொள்ளாமல் மெல்லத் தள்ளிவிடும் தொடர்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். வகுப்பு முடிந்து அவர் ஒப்படைத்த பயிற்சித் தாளை வாங்கிக்கொண்டு, பழக்கத்தால் “நன்றி” என்றேன். சற்றும் யோசியாமல் “சாமா-சாமா, ஐயா” என்று கூறிவிட்டுச் சென்றார். மலாயில் அதற்கு ‘இருவருக்கும் ஒன்றுதான்’ என்பது பொருள்.