மருதியின் நோயும் வரலாற்றின் தீர்ப்பும்

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இல் மணிக்கொடியில் வெளிவந்தது. இலங்கையை நேரிற் காணாதவர் எழுதிய மலையகக் கதை என்பதே அதன்மீது பெரிதும் சாற்றப்படும் குறை. தோட்ட வாழ்வின் சித்திரிப்பைப் பொறுத்தவரை அக்குறைக்கு இடமுண்டு. எனினும் நிறம், சாதி, நோய் ஆகியன பற்றி அக்கதை உணர்த்தும் உண்மையை இவ்விவாதம் மறைத்துவிட்டது.

சேரியிற் பிறந்த மருதி, கணவன் சிறைப்பட்டபின் கங்காணியின் சொல்லை நம்பித் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறாள். அங்கே துரையின் இச்சைக்கு ஆளாகி மேகநோயும் பெறுகிறாள். நோய் யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

ஆங்கிலேயராட்சியின் சட்டம் இதனைத் தலைகீழாகவே கண்டது. கண்டியை அடுத்த லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட 1867ஆம் ஆண்டிலேயே, தொற்றுநோய்க் கட்டளைச் சட்டமும் இலங்கையில் இயற்றப்பட்டது. இங்கிலாந்தில் 1864இல் தொடங்கி 1886இல் நீக்கப்பட்ட சட்டங்களின் வழிவந்தது அது. படைவீரரின் உடல்நலம் காப்பதே அதன் நோக்கம். கட்டாயப் பரிசோதனைக்கும் மருத்துவமனைத் தடுப்புக்கும் உட்பட்டோர், விலைமகளிர் எனக் கருதப்பட்ட பெண்களே; அவர்களை நாடிச்சென்ற ஆடவரைச் சட்டம் தீண்டவில்லை. பெண்ணே நோயின் ஊற்று என்பது அதன் முடிபு.

தமிழ் வழக்கோ 'பறங்கிப்புண்' என்று பழியை அந்நியர்மீது சுமத்திற்று. இத்தாலியர் இந்நோயைப் 'பிரெஞ்சு நோய்' என்றனர். பிரெஞ்சுக்காரர் 'நேப்பிள்ஸ் நோய்' என்றனர். சிங்களத்தில் 'பறங்கி' எனப்பட்ட பிறிதொரு நோய் பாலுறவாற் பரவுவதேயன்று; பெரிதும் சிறுவரைப் பற்றுவது. அதன் கிருமியைக் கஸ்டெலானி 1905இல் கொழும்பிற் கண்டறிந்தார். ஓர் இனத்தின் பெயரைச் சூட்டிவிடுவது நோயின் காரணத்தைக் கண்டதாகாது.

புதுமைப்பித்தன் இவ்விரு தவறுகளுக்கும் அப்பாற் செல்கிறார். மருதியின் துன்பம் துரையின் பங்களாவில் தொடங்கவில்லை. ஊர்ப் பண்ணையிலேயே தொடங்குகிறது. பண்ணையாரும் தமிழர், கங்காணியும் தமிழர். நிலமும் சாதியும் அவளை ஊரிலிருந்து பெயர்த்தன. கூலியும் நிறமும் அவளைத் துரையிடம் ஒப்புவித்தன. அந்நிய இனத்தைமட்டும் பழிப்போருக்கு இக்கதை இடந்தரவில்லை.

ஆயினும் ஆசிரியர் துன்பங்களை அடுக்கிச் செல்லும் வேகத்தில், நோயுற்ற பெண்ணின் வேதனையைவிட அவலத்தின் குறியீடே மேலோங்கிவிடுகிறது. வாசகரும் அவளைக் கற்பிழந்தவளாக எண்ணி இரங்கி அமைகின்றனர். அவ்வாறு இரங்குவோர், 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் பார்வையையே தம்மையறியாது ஏற்றவராவர். மறுக்கும் உரிமை அற்றவளிடம் ஒழுக்கம்பற்றி வினவுவது நீதியன்று.