பெரியார் வரலாறும் கரையோர மக்களும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அணித்தேயுள்ள உப்புவெளிக் கரையில் வலையிழுத்து வாழும் மக்களுக்கும், 1540இல் ஐரோப்பாவில் தோன்றிய இயேசு சபைக்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு. 1893இல் அமைந்த திருகோணமலை மறைமாவட்டம் இச் சபையாரிடமே ஒப்படைக்கப்பட்டது. முதல் ஆயர் லவீஞ் முதல், 1974 வரை ஆயராயிருந்த கிளெனி ஈறாக யாவரும் அச் சபையினரே. ஆகவே, அச் சபையின் பெரியார்களை எடைபோடும் உரிமை இக் கரையோர மக்களுக்கும் உண்டு.

நமது இலக்கிய வரலாறுகள் எடுத்தவுடன் போற்றுவது தத்துவபோதகரையும் வீரமாமுனிவரையுமே. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் தமிழ் உரைநடைக்குத் தருக்க வலிமை ஊட்டினார் என்பது உண்மை. ஆனால் அவர் வகுத்த பாதை எங்கே சென்றது? உயர்சாதியினருக்குச் சந்நியாசிகள், ஏனையோருக்குப் பண்டாரசுவாமிகள் எனக் குருமாரே இரு கூறாயினர். குடுமிக்கும் பூணூலுக்கும் 1623இல் உரோமாபுரியும் இசைவு தந்தது. மனிதர் யாவரும் ஒரு தந்தையின் மக்கள் என்ற போதனை சாதியின் வாயிலில் தலைகுனிந்து நின்றது.

வீரமாமுனிவரின் 'சதுரகராதி'க்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். 'தேம்பாவணி'யிலே தச்சுத் தொழிலாளியான சூசையைக் காப்பிய நாயகனாக்கியது பெரும் புதுமை. எனினும், பழங்காப்பிய அணிகளின் ஒளியில் அத் தொழிலாளியின் வியர்வை நம் கண்ணுக்குப் புலப்படவில்லை.

இவர்களுக்கு முன்னரே வந்தவர் அன்றீக்கே அடிகளார். யூதக் குலத்திற் பிறந்தார் என்பதற்காக வேறொரு சபையிலிருந்து விலக்கப்பட்டவர் அவர்; பிறப்பினால் வரும் இழிவைத் தம் வாழ்விலேயே உணர்ந்தவர். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே அரை நூற்றாண்டு வாழ்ந்து, அவர்களுக்கு விளங்கும் தமிழில் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவரது 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம் கொண்டது. தமிழெழுத்தில் அச்சேறி இன்று நமக்குக் கிடைக்கும் முதல் நூல் அதுவே. அவரும் போர்த்துக்கேயரின் கப்பலில் வந்தவர்தாம். அதே ஆதிக்கம் 1622இல் கோணேசர் ஆலயத்தை இடிக்கத் தொடங்கியதைத் திருகோணமலை மறந்துவிடாது. ஆனால் ஆதிக்கம் கோட்டையைக் கட்டிச் சென்றது. அடிகளார் மீனவர் கையில் நூலைத் தந்து சென்றார். இவ் வேறுபாட்டைக் காணாத விமரிசனம் நேர்மையான விமரிசனமாகாது.

நான்கு நூற்றாண்டின் பின் அதே மரபின் இன்னொரு முனையில் நிற்பவர் யூஜின் ஹேபியர் அடிகளார். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இவர் காப்பியம் பாடவில்லை, அகராதி தொகுக்கவில்லை. கிழக்கு மாகாண இளைஞருக்குக் கூடைப்பந்தாட்டமும் கைத்தொழிலும் பயிற்றினார். போர் மூண்டபோது, துன்புற்ற மக்களுக்காகக் குரல் கொடுத்தார். 1990 ஆகஸ்டு 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன்வந்த தமிழ்ச் சிறுவனோடு காணாமற்போனார். அவர்கள் கதி என்னவென்று எவரும் பொறுப்புக் கூறவில்லை.

அவர் பெயர் இலக்கிய வரலாற்றில் இடம்பெறாது. ஆனால் மக்களின் வரலாறு நூல்களை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. எழுதியவர் யார் பக்கம் நின்றார் என்றும் கேட்கிறது. பெரியார்களின் பெயர்களை மாணவருக்கு மனனம் செய்விக்கும் ஆசிரியர்கள், அக் கேள்வியையும் உடன் கற்பிக்க வேண்டும். அப்போது, தத்துவபோதகரின் புலமையை மதிக்கும் அதே மாணவன், அவர் சாதிக்கு இடங்கொடுத்ததை மறுக்கவும் அறிவான்.