இரண்டு லட்சத்துக்கு ஒரே வரி

2024 ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை காலை. அடையாறு கஸ்தூரிபா நகரில் பக்கத்து வீட்டு மாமா கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். வங்கியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கணக்கில் பத்து பைசா இடித்தாலும் ராத்திரி தூக்கம் வராது.

‘ஏம்ப்பா, நீ பி.காம். தானே? இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்.’

நான் பி.காம். முடித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. டெபிட், கிரெடிட் எது இடது, எது வலது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் வாங்கிப் பார்த்தேன்.

மாமாவின் வீடு ஒரு கிரவுண்டு மனை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஹாலில் முழங்கால் தண்ணீர். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார், ‘இடிச்சுட்டு உசத்திக் கட்டிடணும்’ என்று. கீழே தாங்கள் இருவர், மாடியில் மகள் குடும்பம். மொத்தம் 2,000 சதுர அடி. அதற்கு அனுமதி வாங்கப் போனவருக்குக் கிடைத்தது ஒரு தொகை: இரண்டு லட்சம் ரூபாய்.

‘எதுக்கு மாமா இரண்டு லட்சம்?’

‘அதைத்தானேப்பா நான் உன்கிட்ட கேக்கறேன்!’

கதை இதுதான். 2024 ஜூலை 22 அன்று தமிழக அரசு சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுவதாக இருந்தால் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டாம். விதிப்படி கட்டுகிறேன் என்று நீங்களே சான்று கொடுத்து, இணையத்தில் பணம் கட்டினால் உடனே அனுமதி. சென்னை மாநகராட்சிக்கு சதுர அடிக்கு 100 ரூபாய்.

நல்ல திட்டம். சந்தேகமே இல்லை. ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ‘நாளைக்கு வாங்க’ கேட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். எத்தனை கைகளைக் கடக்கிறதோ, அத்தனை கைகளும் நீளும். அந்தக் கைகளைக் குறைத்ததற்கு ஒரு கைதட்டல்.

ஆனால் கட்டண அட்டவணையைப் படித்தால் கைதட்டல் பாதியில் நிற்கிறது. பரிசீலனைக் கட்டணத்துக்கு விலக்கு என்றார்கள். உட்கட்டமைப்பு வசதிக் கட்டணத்துக்கும் விலக்கு. கட்டி முடித்தபின் பணி முடிவுச் சான்றும் வேண்டாம். சரி சார், பரிசீலனை இல்லை, முடிவுச் சான்று இல்லை, உட்கட்டமைப்புக்கும் இல்லை என்றால், மிச்சமிருக்கும் 100 ரூபாய் எதற்கு?

எதிர்க்கட்சி இதைக் கட்டண உயர்வு என்றது. அரசு, தனித்தனியாக வாங்கிக்கொண்டிருந்ததைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம், அவ்வளவுதான் என்றது. இரண்டு தரப்பும் கூடியதா, குறைந்ததா என்று மட்டும் சண்டை போட்டன. எதற்கு என்ற கேள்வி அநாதையாக நின்றது.

இது வெட்டி வாதம் இல்லை. வரி வேறு, கட்டணம் வேறு என்பதை நாட்டுக்கே தெளிவாகச் சொன்ன வழக்கு நம்ம சென்னை ராஜ்ஜியத்திலிருந்து போனதுதான். 1954-ல் சீரூர் மடம் வழக்கு. மடங்களிடம் அறநிலையத்துறை வசூலித்த பணம் கட்டணமா, வரியா என்று கேள்வி வந்தது. வரிக்குக் கைம்மாறு கேட்க முடியாது. கட்டணம் என்றால் அதற்கு ஈடாக ஒரு சேவை இருக்க வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட். பின்னாளில், பைசா சுத்தமாகக் கணக்கு ஒத்துப்போக வேண்டியதில்லை, பொதுவான ஒரு தொடர்பு இருந்தால் போதும் என்று கோர்ட்டே கொஞ்சம் தளர்த்தியது. இருக்கட்டும். அந்தப் பொதுவான தொடர்பையாவது காட்ட வேண்டாமா?

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் இதில் கறார். கட்டட அனுமதிக்கு நகராட்சி வாங்கும் கட்டணம், அந்த வேலையைச் செய்ய ஆகும் நியாயமான செலவைத் தாண்டக்கூடாது. தாண்ட வேண்டுமானால் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும்.

கட்டணமே வாங்காதே என்று நான் சொல்லவில்லை. நாலு குடும்பம் இருந்த பழைய ஃபிளாட்டை இடித்துவிட்டுப் பதினாறு குடும்பத்துக்குக் கட்டும்போது, அத்தனை பேருடைய கழிவுநீரும் அதே பழைய குழாயில்தான் போயாக வேண்டும். கட்டுகிறவர் அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும். 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்று ஒன்று இருக்கிறது. சாலை 18 மீட்டர் அகலம் இருந்தால், அனுமதித்த பரப்புக்கு மேல் 50 சதவீதம் வரை பணம் கட்டிக் கூடுதலாகக் கட்டலாம். 9 மீட்டர் சாலையிலும் 30 சதவீதம் உண்டு. ஆகாயத்தை விற்கிறார்கள். விற்கட்டும். ஆனால் ஆகாயம் எங்கள் தெருவில் விற்றது, அந்தப் பணம் எங்கள் தெருவுக்கு வந்ததா என்பது எந்த ரசீதிலும் இல்லை.

இன்னொன்று. எண்ணூரில் 600 சதுர அடியில் ஒண்டிக்கொள்ள ஒரு வீடு கட்டும் தொழிலாளிக்கும் சதுர அடி 100 ரூபாய். அடையாறில் கோடிகளில் விலைபோகும் மனைக்காரருக்கும் 100 ரூபாய். நூறு ரூபாய் இருவருக்கும் ஒரே கனம் இல்லை.

இதையெல்லாம் ஒழுங்காகக் கட்டுகிறவன் ஒரு பக்கம். கட்டாதவன்? அவனுக்கும் நம் ஊரில் ஒரு ரேட் உண்டு. 1998-ல் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதிமீறிக் கட்டியவர்கள் பணம் கட்டினால் வரன்முறை செய்துகொள்ளலாம் என்றார்கள். ஒரே ஒரு தடவை என்றுதான் ஆரம்பம். அப்புறம் தேதியை நீட்டினார்கள், மறுபடி நீட்டினார்கள். 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம், ஒருமுறை என்றால் ஒருமுறைதான் என்று நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2012-ல் 113-சி வந்தது. இந்தத் தடவை 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவர்களுக்கு. முன்னால் கட்டினால் கட்டணம், பின்னால் கட்டினால் அபராதம். இரண்டுக்கும் ரசீது ஒரே மாதிரி என்றால், முதலாமவன் என்ன ஏமாளியா?

ரசீது பாதுகாப்பும் தராது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அது திருட்டுத்தனமாகக் கட்டியது அல்ல. திட்ட அனுமதி வாங்கிய கட்டடம். காகிதத்தைப் பார்த்தார்கள், கட்டடத்தைப் பார்த்தார்களா என்பதுதான் அன்றைக்கும் கேள்வி. சின்ன வீடுகளுக்குக் காகிதம் பார்ப்பதையும் விட்டுவிட்டோம். அப்படியானால் அந்த 100 ரூபாயில் பத்து ரூபாயாவது, பத்து வீட்டுக்கு ஒரு வீட்டையாவது நேரில் போய்ப் பார்க்கும் ஒரு இன்ஜினீயருக்குப் போக வேண்டாமா?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. ஒன்று, ரசீதில் ஒரே வரிக்குப் பதில் ஐந்து வரி: எது எதற்கு எவ்வளவு. இரண்டு, வார்டு வாரியாக வருஷத்துக்கு ஒரு கணக்கு: இவ்வளவு வந்தது, இவ்வளவு இங்கே செலவானது. மூன்று, சின்ன வீட்டுக்குச் சின்னக் கட்டணம். ‘பால்காரன்கூட மாசக் கணக்கைத் தேதி போட்டு எழுதித் தர்றான்பா’ என்றார் மாமா. அதைவிட நன்றாக நான் என்ன எழுதிவிடப் போகிறேன்?

மாமா பணத்தைக் கட்டினார். அனுமதியும் உடனே வந்தது. வீட்டையும் கட்டியாச்சு. கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது படியேறும்போதுதான் கவனித்தேன்: தரை தெருவிலிருந்து மூன்றடி உயரம். இனிமேல் மாமாவின் ஹாலுக்குள் தண்ணீர் வராது.

அந்தத் தண்ணீர் எங்கே போகும்? தெருவில் இன்னமும் உயர்த்தாத பழைய வீடு ஒன்றுதான் பாக்கி. அது என்னுடையது. அதனால்தான் கேட்கிறேன். அந்த இரண்டு லட்சத்தில் எங்கள் தெரு மழைநீர் வடிகாலுக்கு எவ்வளவு என்று யாராவது சொன்னால், ஐப்பசிக்கு முன்னால் மணல் மூட்டை வாங்குவதா, வேண்டாமா என்று நான் முடிவு செய்துகொள்வேன்.