மைக்குக்கு முந்தைய தொண்டை

1965இல் கே.பி. சுந்தராம்பாள் ‘திருவிளையாடல்’ படத்தில் ஔவையாராக வந்து பாடினார். தமிழ்நாடே கேட்டது. அதே 1965இல், அவர் பிறந்த கொடுமுடியிலிருந்து அதிக தூரமில்லாத காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில், ஈ.சி. ராமசாமி என்கிற உடுக்கைப் பாட்டுக்காரர் ராத்திரி ராத்திரியாக அண்ணன்மார் கதையைப் பாடிக்கொண்டிருந்தார். கேட்டது ஊர். கூடவே ஒரு டேப் ரெக்கார்டர். அதைச் சுழலவிட்டவர் பிரெண்டா பெக், கனடாவின் மானுடவியல் ஆய்வாளர். கொங்குச் சமூகத்தைப் படிக்க வந்து அந்த ஊரிலேயே தங்கியிருந்தவர்.

இந்த இரண்டு குரல்களும் ஒரே மண்ணில், ஒரே தேவையிலிருந்து முளைத்தவை. தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் கேட்க வேண்டும், கொட்டகையின் கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும், மைக் கிடையாது. அதனால் தொண்டை மேலே போகிறது. ஸ்தாயி ஏற ஏறக் குரல் மெலியாமல் இன்னும் தடிக்கிறது. ஒன்று சினிமாவுக்குப் போய் ‘பக்தி’ என்ற அலமாரியில் உட்கார்ந்துவிட்டது. இன்னொன்று நாடாச் சுருளுக்குள் போய் ‘நாட்டார் வழக்காறு’ என்ற அலமாரியில் உட்கார்ந்துவிட்டது. இரண்டையும் அலமாரியிலிருந்து இறக்கி வெறும் குரலாகக் கேட்க முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கேள்வியைக் கிளப்பியது, சிரிக்காதீர்கள், அமெரிக்க மலைப் பாட்டு. கோயம்புத்தூரில் இன்று இருபது வயதில் இருக்கும் ஒரு இசைப்பித்தருக்கு உடுக்கையைவிட பாஞ்சோ நன்றாகத் தெரியும். 2000இல் வந்த கோயன் சகோதரர்களின் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ’ படம், அதன் பாட்டுத் தொகுப்பு, பிறகு யூட்யூபின் பரிந்துரைச் சுரங்கம். அதில் இறங்கினால் கார்ட்டர் குடும்பம், டாக் பாக்ஸ், ரோஸ்கோ ஹோல்கம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஹோல்கம் கென்டக்கியின் டெய்சி என்ற ஊர்க்காரர், உடலுழைப்பில் வாழ்ந்தவர். 1959இல் ஜான் கோஹன் அவரைத் தேடிப்போய்ப் பதிவுசெய்தார். அந்தக் குரலை முதன்முறை கேட்பவருக்கு ‘இதென்ன, பாட்டா கத்தலா’ என்றுதான் இருக்கும். மூன்றாவது முறை கேட்கும்போது வேறெதையும் கேட்கப் பிடிக்காது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு பிடி அது.

ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் எல்லோரும் கையில் வைத்திருக்கும் பதில்: ‘அது அசல்.’ வியாபாரம் தொடாதது, கலப்படமில்லாதது, மண்ணிலிருந்து நேரே வந்தது. இந்தப் பதில் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வரலாறும் ஒத்துக்கொள்ளவில்லை. 1927 ஜூலை கடைசியில் பிரிஸ்டல் என்ற எல்லை நகரத்தில், ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் ரால்ஃப் பியர் பதிவுக் கருவிகளை இறக்கியது இசைத்தட்டு விற்பதற்கு. கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அங்கேதான் முதலில் விக்டர் கம்பெனிக்குப் பாடினார்கள். பிற்காலத்தில் ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டுச் சேகரித்தபோது கூடவே போய் மெட்டுகளை மனதில் ஏற்றிக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில், கறுப்பின கிதார்க் கலைஞர். பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நினைவில் வந்த வாத்தியம். கம்பெனிக்காரர்கள்தான் வெள்ளையர் பாடினால் ஒரு பட்டியல், கறுப்பர் பாடினால் இன்னொரு பட்டியல் என்று பிரித்து விற்றார்கள். பிரித்து விற்றதை ‘தூய்மை’ என்று வாங்கியது நாம்.

ப்ளூகிராஸ் இன்னும் வேடிக்கை. ‘பாரம்பரிய’ ப்ளூகிராஸ் என்கிறோமே, பில் மன்றோவின் குழுவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் தன் மூன்றுவிரல் பாஞ்சோ வாசிப்போடு வந்து சேர்ந்தது 1945 டிசம்பரில். பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கே வந்துவிட்டது. ஆக, அந்தப் ‘பழங்கால மலையிசை’ நம்ம ஹரிதாஸைவிட ஒரு வயது இளையது! ரேடியோ மேடையில், மைக்கைச் சுற்றி நின்று, யார் எப்போது முன்னால் வருவது என்று கணக்குப் போட்டு உருவாக்கிய நவீன இசை அது.

அப்படியானால் பிடிப்பது எது? எனக்குத் தோன்றுவது, அழாத முகம். அந்த மலைப் பாட்டுகளில் பாதி கொலைக் கதை. காதலியை ஆற்றில் தள்ளியவன், தூக்குமேடைக்குப் போகிறவன், குழந்தையைப் பறிகொடுத்தவள். பாடுகிறவர் எந்த இடத்திலும் குரலை நடுங்கவிடுவதில்லை. சாவு வரும் வரியும் சாயங்காலம் வரும் வரியும் ஒரே எடையில் வருகின்றன. கேட்பவருக்கு இவ்வளவு இடம் விட்டுக்கொடுக்கும் பாட்டை நாம் மறந்துவிட்டோம். இன்றைய சினிமாச் சோகப்பாட்டில் நாம் அழுவதற்குள் பாடகர் அழுதுவிடுகிறார், அவருக்கும் முன்னால் வயலின்கள் அழுதுவிடுகின்றன.

இந்தக் காதோடு உடுக்கைப் பாட்டுக்கு வந்தால் ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. இங்கே பாடகர் அழுவார், கோபப்படுவார், பெண்குரலில் பேசுவார், பன்றியாக உறுமுவார். உணர்ச்சிக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்த உணர்ச்சியில் ஊறிக் கிடக்க அவர் நம்மை விடுவதில்லை. பாட்டு உச்சிக்குப் போன அடுத்த நொடி சடக்கென்று வசனத்துக்கு இறங்கிவிடுவார். கூடப் பாடுகிறவர் ‘ஆமா’ என்பார், ‘அப்பறம்?’ என்பார். கதை எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும். ஹோல்கம் முகத்தை மூடிக்கொண்டு சாதிப்பதை உடுக்கைக்காரர் பாட்டிலிருந்து பேச்சுக்குத் தாவிச் சாதிக்கிறார். இரண்டிலும் துக்கம் கேட்பவரின் மடியில்தான் வந்து விழுகிறது.

வாத்தியமும் இதற்கு உடன்படுகிறது. பாஞ்சோவின் ஐந்தாவது கம்பி குட்டையானது. கட்டைவிரல் அதைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருக்கும், சுருதி மாறாது. மேலே என்ன நடந்தாலும் அது பாட்டுக்கு ஒரே ஸ்வரத்தில் நிற்கும். உடுக்கை நேரெதிர். இடுப்புச் சிறுத்த அந்தக் கருவியின் கயிறுகளை இறுக்கினால் தோல் விறைத்து ஸ்தாயி ஏறும், தளர்த்தினால் இறங்கும். அது நிற்காமல் வழுக்கும், கேள்வி கேட்பதுபோல வாலைத் தூக்கும். பாடகர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் உடுக்கை அதற்கு உரை எழுதுகிறது.

பெக் ஒரு நல்ல காரியம் செய்தார். ராமசாமி ஊர்முன் பாடியதைப் பதிவுசெய்ததோடு நிற்காமல், அவரே ஒரு எழுத்தருக்குச் சொல்லச்சொல்ல எழுதிய வடிவத்தையும் எடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்து 1982இல் வந்த தன் ‘தி த்ரீ ட்வின்ஸ்’ நூலில் பேசுகிறார். ஒரே ஆள், ஒரே கதை. ஆனால் சொல்லி எழுதியது சுருங்கிவிடுகிறது. எதிரே உட்கார்ந்து கொட்டாவி விடும், சிரிக்கும், சாமி வந்து ஆடும் ஆட்கள் இல்லாதபோது கதைக்கு நீளம் தேவைப்படுவதில்லை. நம்மிடம் இருக்கும் அச்சுப் பிரதிகளை இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். கவிஞர் சக்திக்கனல் 1971இல் பதிப்பித்த ‘அண்ணன்மார் சுவாமி கதை’ இல்லாவிட்டால் இந்தக் கதை பலருக்குப் படிக்கவே கிடைத்திருக்காது, அந்த உழைப்புக்குக் கும்பிடு. ஆனாலும் ஏடு வேறு, ராத்திரி வேறு. மு. கருணாநிதியின் ‘பொன்னர் சங்கர்’ நாவல் அதை மேடைத் தமிழுக்குக் கொண்டுபோனது. 2011இல் அது படமானபோது கிராஃபிக்ஸ் கோட்டைகள் வந்தன, உடுக்கை எங்கோ பின்னால் போய்விட்டது. அந்தப் படத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். கார்ட்டர் குடும்பத்தின் பாட்டுகள் அந்த அளவுக்கு வெட்டப்பட்டவை. நீண்ட கதைப்பாடல்களின் நடுக்கண்ணிகள் உதிர்ந்து போனதில் தட்டின் அகலத்துக்கும் பங்குண்டு. சுந்தராம்பாளின் நாடகப் பாட்டுகளும் அப்படித் தட்டுக்கு ஏற்பச் சுருங்கியவைதான். மேடையில் ஒரு பாட்டை எத்தனை முறை ‘ஒன்ஸ்மோர்’ கேட்டார்கள் என்பது தட்டில் ஏறாது. 1933இல் கிட்டப்பா இறந்த பின் வெள்ளைச் சேலைக்கு மாறி, ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று நின்றவர் அவர். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் தானே நந்தனாராக நடித்தார், அதற்கு ஒரு லட்சம் சம்பளம். எதிரே வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். ஒரு கொடுமுடிப் பெண், ஆண் வேடத்தில், தீண்டாமைக்கு ஆளான பக்தனாக நின்று கர்நாடக சங்கீத வித்வானுக்கு எதிரே பாடியிருக்கிறார். இத்தனை முரண்களையும் தாங்கிய குரலை நாம் ‘ஔவைப் பாட்டி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டோம்.

டேப் வந்தபோது இந்த மூன்று நிமிடக் கட்டு அவிழ்ந்தது. அதனால்தான் 1965 பதிவு முக்கியம். கதை தன் முழு நீளத்தில் நிற்கிறது. அந்த நீளத்தில்தான் இன்றைக்கு நாம் கேட்க மறுக்கும் விஷயங்கள் இருக்கின்றன.

கொங்கில் அண்ணன்மார் என்றாலே இப்போது ஃப்ளெக்ஸ் பேனர், குதிரை, வாள், முறுக்கிய மீசை. ஆண்ட பரம்பரைப் பெருமை. முப்பது வினாடி ரீல்ஸில் உடுக்கைச் சத்தம் பின்னணியாக, அதற்கு மேல் ரிதம் பேடு அடி. வள்ளி கும்மியும் இதே பாதையில் போகிறது. 2024இல் வள்ளி ஒயில் கும்மிக்காக பத்ரப்பன் அவர்களுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்களுக்கு அந்தக் கலையைச் சொல்லிக்கொடுத்தவர் என்ற வகையில் அது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அதே காலத்தில் சில கும்மி மேடைகளில், சாதிக்குள்ளேயேதான் கல்யாணம் செய்வோம் என்று பெண்களை உறுதிமொழி எடுக்க வைத்த காணொளிகளும் பரவின. ஏனுங்க, முருகன் வேடர்குலப் பெண்ணைத் தேடிப்போய் மணந்த கதையைப் பாடிவிட்டா இந்த உறுதிமொழி?

‘அசல்’ என்ற பதிலை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். அந்தச் சொல் சீக்கிரமே ‘எங்களுடையது’ என்று மாறிவிடும், அப்புறம் ‘உங்களுடையது இல்லை’ என்று. அமெரிக்காவில் இசைத்தட்டுப் பட்டியல் செய்த வேலையை இங்கே சங்கங்கள் செய்கின்றன.

முழுக்கதையைக் கேட்டவர் அந்த பேனரை அச்சடிக்கத் தயங்குவார். இது வெற்றிக் கதையே இல்லை. பொன்னரும் சங்கரும் பதினாறு வயது வரம் வாங்கி வந்தவர்கள். வீரப்பூர்ப் படுகளத்தில் சாகிறவர்கள், அதுவும் எதிரி வாளால் அல்ல, மாயவன் சூழ்ச்சிக்குப் பின் தங்கள் வாளிலேயே விழுந்து. தங்கை போய் அழுது எழுப்புகிறாள். எழுந்தும் அவர்கள் நிலைப்பதில்லை. வேட்டுவர் பக்கத்து நியாயமும் கதைக்குள் இருக்கிறது: காட்டை அழித்துக் கழனியாக்கியவர்களுக்கும் காட்டில் வாழ்ந்தவர்களுக்கும் நடக்கும் சண்டை இது. கொம்பன் என்ற பன்றி சும்மா வந்து வயலை மேய்வதில்லை. சகோதரர்களுக்குத் துணையாகக் கடைசிவரை வரும் சாம்புகன், பறையடிக்கும் சாதிக்காரன். அவனில்லாமல் பல காரியம் ஆகாது, அவனுக்குக் கிடைக்கும் மரியாதையோ வேறு. பாடகர் இதையெல்லாம் கண்டித்துப் பாடவில்லை. மறைக்கவும் இல்லை. ராத்திரிகள் நீளமானவை, மறைக்க முடியாது.

1952இல் ஹாரி ஸ்மித் என்ற கிறுக்கர், ஆம் செல்லமாகத்தான் சொல்கிறேன், தன்னிடமிருந்த பழைய இசைத்தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைப் பொறுக்கி ஃபோக்வேஸ் கம்பெனிக்கு ஆறு தட்டுகளாகத் தொகுத்துக் கொடுத்தார். பாடியவர் வெள்ளையரா கறுப்பரா என்று எங்கேயும் எழுதவில்லை. கதைப்பாடல், சமூகப்பாடல், பாட்டுகள் என்று வகை பிரித்தார். கேட்டவர்கள் பல வருடம் ஆளை மாற்றி மாற்றி ஊகித்துக்கொண்டிருந்தார்கள். பட்டியல் பிரித்ததை ஒரு தொகுப்பு கலைத்துப்போட்டது. நமக்குத் தேவை அப்படியொரு கிறுக்கர். சுந்தராம்பாளின் முப்பதுகளின் தட்டு, ஓலப்பாளையம் டேப்பின் ஒரு ராத்திரி, நீலகிரிக் கோத்தர்களின் கொள் இசை, இருளர் ஆட்டத்தின் குழலும் பறையும், எண்பதுகளின் கோயில்விழா கேசட், எல்லாவற்றையும் சாதிப்பெயர் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். பாடியவர் பெயர் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். அண்ணன்மார் பெயரில் இத்தனை பேனர் வைத்த ஊர்களில் ஈ.சி. ராமசாமி பெயரில் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

பெக்கின் சேகரிப்பு டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகத்தில் எண்ணிமமாகி வருகிறது. பாட்டையும் ஆங்கிலப் பெயர்ப்பையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்த அச்சு வடிவம் 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தில் வெளிவந்தது. கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை: பன்றி வேட்டையில் ஆரம்பிக்காதீர்கள், போரிலும் வேண்டாம். வீரர்கள் பிறப்பதே கதையின் மூன்றாம் தலைமுறையில்தான். அதற்கு முன்னால், பிள்ளை வேண்டித் தாமரை தவம் இருக்கும் பகுதி வரும். அதிலிருந்து கேளுங்கள். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில், வீட்டில் யாராவது பெரியவர் இருக்கும் நேரத்தில் போடுங்கள். நமக்குப் புரியாத சொல் பாதி வரும். அந்த இடங்களில் ‘ஆமா’ சொல்ல அவர்கள் இருப்பார்கள்.