வைக்கிங் முகாம்: அடுப்படியும் அடிமையும்

டெக்ஸாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகருக்கு வடமேற்கே டாட் மிஷன் என்றொரு சிற்றூர். ஆண்டு முழுக்க அங்கே குடியிருப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். அக்டோபர், நவம்பர் வாரக்கடைசிகளில் மட்டும் லட்சக்கணக்கான மக்கள் வந்து குவிகிறார்கள். 1974 முதல் நடந்துவரும் டெக்ஸாஸ் ரெனசான்ஸ் விழாவுக்கு வரும் கூட்டம் அது. பகலில் ராஜா ராணி ஊர்வலம், குதிரையேறி ஈட்டிப் போர், கைவினைக் கடைகள். பொழுது சாய்ந்து வாசலை மூடியதும் கூட்டத்தில் ஒரு பகுதி வீடு திரும்புவதில்லை. பக்கத்திலுள்ள முகாம் திடலுக்கு நடக்கிறது. அங்கே வட்டமாகக் கூடாரம் அடித்து, நடுவில் தீ மூட்டி, பழங்கால ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளாக இரண்டு நாளை வாழ்ந்து பார்க்கும் குழுக்கள் உண்டு. அமெரிக்காவின் வேறு பல ரெனசான்ஸ் விழாக்களிலும் இவர்களைக் காணலாம். திங்கள்கிழமை காலையில் இவர்களே மருத்துவமனைத் தாதி, லாரி ஓட்டுநர், கணினிப் பணியாளர், பள்ளி ஆசிரியர்.

இந்தப் பழக்கத்தைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் அதன் உழைப்பைப் பார்ப்பதில்லை. வீர மரபு என்று கொண்டாடுபவர்கள் அது மறைப்பதைப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதற்கு நியாயம் செய்ய முடியும்.

வழக்கமாக எழும் ஆட்சேபம் காலம் பற்றியது. ரெனசான்ஸ் விழா என்ற வழக்கமே தொடங்கியது 1963-ல், லாஸ் ஏஞ்சலிஸில். ஃபிலிஸ் பாட்டர்சன் என்ற ஆசிரியை, கேபிஎஃப்கே வானொலிக்கு நிதி திரட்டத் தம் கணவரோடு சேர்ந்து, எலிசபெத் காலத்து ஆங்கிலச் சந்தை ஒன்றை அமைத்துக் காட்டினார். எலிசபெத்தின் காலம் 16-ஆம் நூற்றாண்டு. வைக்கிங் காலம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது, லிண்டிஸ்ஃபார்ன் மடம் சூறையாடப்பட்ட 793 முதல் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் போர் நடந்த 1066 வரை. நடுவில் ஐந்நூறு ஆண்டு இடைவெளி. எலிசபெத் ராணியின் சந்தையில் கோடரி ஏந்திய நார்வேக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள்.

இந்த ஆட்சேபத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரெனசான்ஸ் விழா என்றைக்குமே அருங்காட்சியகமாக இருந்ததில்லை. அறுபதுகளின் இளைஞர் கலகத்தோடு பிறந்தது அது. அன்றாட உடையையும் ஒழுங்கையும் கழற்றி வைத்துவிட்டு மனிதர்கள் வேறு விதமாகப் பழகிப் பார்க்க அது இடம் கொடுத்தது. 2012-ல் வெளிவந்த ரேச்சல் ரூபினின் ஆய்வு நூல் அந்த வரலாற்றை விரிவாகவே சொல்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஐந்நூறு ஆண்டு முன்பின் ஆவது பெரிய குற்றமில்லை. அதோடு, வெளியே பரவிக் கிடக்கும் பிழைகள் பலவற்றைத் திருத்துபவர்களும் இந்த முகாம்காரர்கள்தான். கொம்பு வைத்த தலைக்கவசம் 1876-ல் பைராய்ட் நகரில் வாக்னரின் இசை நாடகத்துக்காகக் கார்ல் எமில் டோப்ளர் வடிவமைத்த உடையிலிருந்து பரவியது. நார்வேயின் யெர்முண்ட்பூ என்ற இடத்தில் 1943-ல் கிடைத்த உண்மையான வைக்கிங் தலைக்கவசத்தில் கொம்பு கிடையாது. தரமான முகாமில் கொம்போடு நுழைபவரை உட்காரவைத்து இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்கிறார்கள்.

முகாமின் பலம் என்று நான் கருதுவது அதன் வீட்டு வேலை. கூடாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1880-ல் கோக்ஸ்டாடிலும் 1904-ல் ஓசபெர்க்கிலும் தோண்டிய கப்பல் புதைகுழிகளில் கூடாரச் சட்டங்கள் இருந்தன. முன்னும் பின்னும் குறுக்காகச் சாய்ந்து மேலே கத்தரிக்கோல்போல் ஒன்றையொன்று தாண்டும் பலகைகள். பலகை முனையில் செதுக்கிய விலங்குத் தலை. இரண்டு முகப்பையும் இணைக்கும் உச்சிக் கட்டை. இன்றைய குழுக்கள் இதைப் பார்த்துத் தங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் பலகை அறுத்து, துளையிட்டு, ஆப்பு சீவிக்கொள்கின்றன. ஆப்பைத் தட்டிக் கழற்றினால் முழுக் கூடாரமும் ஒரு வண்டியில் அடங்கும். பெரிய சட்டத்தை ஒரே ஆள் நிறுத்த முடியாது. இந்தப் பக்கம் ஒருவர் தூக்கிப் பிடிக்க, அந்தப் பக்கம் இன்னொருவர் கட்டையைத் துளையில் செருக வேண்டும். கப்பலில் வந்து இறங்கியவர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு நம்பியிருந்திருப்பார்கள் என்பதை எந்தப் பாடநூலையும்விட இந்த அரைமணி நேர வேலை நன்றாகக் கற்றுத்தருகிறது.

இன்னொன்று, நால்பிண்டிங் என்ற ஊசி வேலை. யார்க் நகரின் காப்பர்கேட் அகழாய்வில் 10-ஆம் நூற்றாண்டுக் கம்பளிக் காலுறை ஒன்று கிடைத்தது. அது இப்படிச் செய்ததுதான். இதற்கு எலும்பிலோ மரத்திலோ செய்த தட்டையான ஊசி ஒன்று போதும். கட்டைவிரலில் நூலைச் சுற்றி, முந்தைய வளையங்களுக்குள் ஊசியை நுழைத்து, இழுத்து இறுக்க வேண்டும். நூலின் முழு நீளமும் ஒவ்வொரு முறையும் வளையத்துக்குள் போய் வரவேண்டியிருப்பதால் நீண்ட நூல் உதவாது; கை நீளத் துண்டாகத்தான் எடுக்க முடியும். துண்டு தீர்ந்ததும் பழைய நுனியையும் புது நுனியையும் பிரித்து, எச்சில் தொட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்க்கிறார்கள். சூட்டிலும் ஈரத்திலும் கம்பளி இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, முடிச்சே தேவைப்படுவதில்லை. நரைத்த தலைப் பெண்மணி ஒருவர் தீயோரம் உட்கார்ந்து பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது, கைத்தொழில் அறிவு கைமாறும் ஆதி முறை நடக்கிறது. அந்தப் பிள்ளை முடிக்கும் முதல் காலுறை கோணலாகத்தான் இருக்கும். இருந்தும் ஒரு காலுறைக்கு எத்தனை மணி நேரம் செலவாகும் என்பது அதற்கு இனி மறக்காது. ஒரு கப்பலின் கம்பளிப் பாய்க்குப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் நூல் நூற்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வதன் பொருளும் அப்போதுதான் உறைக்கும்.

டென்மார்க்கின் மோஸ்கார்டு போன்ற இடங்களில் அருங்காட்சியகமே முன்னின்று நடத்தும் வைக்கிங் கூடல்களில் உடையும் பொருளும் சான்றோடு பொருந்த வேண்டும் என்ற கண்டிப்பு அதிகம். அமெரிக்க முகாம்களில் அது குறைவு. இதைக் குறை என்பார்கள். திரைச்சீலைத் துணியில் அங்கி தைத்துக்கொண்டு வரும் பள்ளி மாணவனுக்கும் இடம் கிடைப்பது அந்தத் தளர்ச்சியால்தான் என்பதால் நான் அதை வரவேற்கிறேன். தையலை எண்ணிப் பார்த்து ஆளை விரட்டும் கூட்டத்தில் யாரும் எதையும் கற்றுக்கொள்ளப்போவதில்லை.

ஒரே பானையில் சமைத்து, சந்தா போட்டு விறகு வாங்கி, மழையில் கூடாரம் சரிந்தால் முகம் தெரியாதவரும் ஓடிவந்து கயிறு பிடிக்கும் வாழ்க்கை, பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத புறநகர்களிலிருந்து வருபவர்களுக்குச் சாதாரண விஷயமல்ல. ஆனால் அந்தப் பானையின் அடியில் கை கொடுப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். கேடயப் பயிற்சிக்கு ஆண்கள் போனபின் காய் நறுக்குவதும் பாத்திரம் தேய்ப்பதும் பெண்கள் தலையில் விழும் முகாம்கள் உண்டு. தலைவருக்கு யார்ல் என்று பட்டம் கட்டி, அவர் சொல்லே சட்டம் என்றாகி, தேன்மதுக் கொம்பு கைமாறும் இரவுகளில் அத்துமீறலைத் தட்டிக்கேட்க ஆளில்லாமல் போகும் ஆபத்தும் உண்டு. விழா ஒரு தனியார் வணிகம் என்பதையும் மறக்கக் கூடாது. விழாத் திடலுக்குள்ளேயே முகாம் அமைத்து, நாள் முழுக்க வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு விளக்கம் சொல்லும் குழுக்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இலவச நுழைவுச் சீட்டு மட்டும். சீட்டு விற்ற பணம் வேறிடத்துக்குப் போகிறது. விரும்பிச் செய்கிறார்கள் என்பது அதற்குச் சரியான பதிலாகாது.

இவையெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. முகாமின் ஆழமான குறை, அங்கே ஓர் ஆள் இல்லாமல் இருப்பது. யார்ல் இருக்கிறார், போர்வீரன் இருக்கிறான், கேடயமேந்திய பெண் இருக்கிறாள், கொல்லன், கதைசொல்லி, குறிசொல்பவள் எல்லோரும் இருக்கிறார்கள். அடிமை இல்லை.

வைக்கிங் பொருளாதாரத்தில் அடிமை ஓர் ஓரத்து விஷயமல்ல. 841-ல் வைக்கிங்குகள் தளம் அமைத்த டப்ளின், ஐரோப்பாவின் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்றாக வளர்ந்தது. பிர்கா, ஹெதபி போன்ற வணிக நகரங்களின் அகழாய்வில் இரும்பு விலங்குகள் கிடைத்திருக்கின்றன. 922-ல் வோல்கா ஆற்றங்கரையில் ருஸ் என்ற வைக்கிங் வணிகர்களைச் சந்தித்த பாக்தாத் தூதர் இபின் ஃபட்லான், விற்பனைக்குக் கொண்டுவந்த அடிமைப் பெண்களையும், இறந்த தலைவனோடு சேர்த்துக் கொல்லப்பட்ட ஓர் அடிமைப் பெண்ணையும் பற்றி நேரில் கண்டு எழுதியிருக்கிறார். காட்லாந்து தீவின் ஸ்பில்லிங்ஸ் என்ற இடத்தில் 1999-ல் கிடைத்த வெள்ளிப் புதையலின் எடை 67 கிலோ. அதிலிருந்த நாணயங்களில் ஏறக்குறைய எல்லாமே இஸ்லாமிய நாடுகளின் திர்ஹம். அப்படிக் கிழக்கிலிருந்து வந்து குவிந்த வெள்ளிக்கு ஈடாகப் போனவை தோலும் மனிதர்களும். முகாமின் மேசையில் அந்தத் திர்ஹத்தின் நகல் பளபளக்கிறது. அதற்கு விலையாகப் போன மனிதரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இதே ஹூஸ்டன் வட்டாரத்தின் கடற்கரையில்தான் கால்வெஸ்டன் இருக்கிறது. டெக்ஸாஸில் அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள் என்ற அறிவிப்பு 1865 ஜூன் 19 அன்று அங்கேதான் வெளியானது. அந்த மண்ணில் நின்று, அடிமையை அழித்துவிட்ட ஒரு பழங்காலத்தை விளையாடுவது வெறும் மறதியாக எனக்குத் தோன்றவில்லை. யாரையும் அடிமையாக நடிக்கவைக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை, அது கொடுமை. வெள்ளி நாணயத்தின் பக்கத்தில் இரும்பு விலங்கின் நகல் ஒன்றை வைத்து, கேட்பவருக்கு அதன் கதையைச் சொன்னால் போதும்.

இதோடு சேர்ந்ததுதான் சின்னங்களின் சிக்கல். நாஜிகளின் எஸ்எஸ் படை ரூன் எழுத்துகளைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்களில் கொம்பு அணிந்து உலகம் முழுக்கப் படமான அந்த ஆளின் உடம்பில் தோரின் சுத்தியலும் வல்க்நட் முடிச்சும் பச்சை குத்தியிருந்தன. தோரின் சுத்தியலை நம்பிக்கைக்காகவும் அழகுக்காகவும் கழுத்தில் அணிபவர்கள் ஏராளம். அவர்கள்மேல் பழி போடுவது அநியாயம். ஆனால் கறுப்பினத்தவரோ தெற்காசியரோ ஒரு முகாமை நெருங்கும்போது, இவர்கள் எந்த வகை என்று முதலில் நோட்டம்விட வேண்டியிருக்கிறது. ‘நாங்கள் அரசியல் பேசுவதில்லை’ என்பதுதான் பல குழுக்களின் பதில். அந்தப் பதிலால் நிம்மதியடைவது வெறுப்பைச் சுமந்து வருபவர் மட்டுமே. பழைய நார்ஸ் தெய்வங்களை வழிபடும் அமைப்புகள் பல, 2016-ல் ‘பிரகடனம் 127’ என்ற அறிக்கையில் இனவாதக் குழு ஒன்றோடு உறவில்லை என்று பெயர் சொல்லியே அறிவித்தன. வாரக்கடைசி முகாமுக்கு அந்தத் துணிவு எட்டாததல்ல.

வரலாறும் இனவாதத்தை மறுப்பவர்கள் பக்கம்தான் நிற்கிறது. 2020-ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, பெரும்பாலும் வைக்கிங் காலத்தைச் சேர்ந்த மனிதர்கள் 442 பேரின் மரபணுவைப் படித்தது. தெற்கு ஐரோப்பிய, ஆசிய வம்சாவளிக் கலப்பு அவர்களிடையே பரவலாக இருந்ததை அது காட்டியது. ஆர்க்னி தீவில் வைக்கிங் வாளோடு புதைக்கப்பட்ட இருவருக்கு ஸ்காண்டிநேவிய வம்சாவளியே இல்லை. ஸ்வீடனின் ஹெல்கோ தீவில் 1956-ல், இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் செய்த சின்னஞ்சிறு வெண்கலப் புத்தர் சிலை ஒன்று கிடைத்தது. தூய வடக்கு ரத்தம் என்ற கற்பனைக்கு இந்தச் சான்றுகளில் இடமே இல்லை. ஊசி நுணுக்கத்தைப் பத்தாம் நூற்றாண்டுக் காலுறையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த குழுக்களுக்கு இதைப் படித்துச் சொல்லவும் தெரியும்.

அதனால் முகாம் நடத்துபவர்களிடம் என் வேண்டுகோள் இது: வெறுப்புச் சின்னங்களோடு வருபவருக்கு இங்கே தீயில்லை, சோறில்லை என்று எழுதி நுழைவில் தொங்கவிடுங்கள். அடுத்த விழாவுக்குப் பொருள்களை அடுக்கும்போது வாள்களோடு ஓர் இரும்பு விலங்கையும் எடுத்துவையுங்கள். பாத்திரம் கழுவும் பட்டியலில் யார்லின் பெயரை முதலில் எழுதுங்கள்.