செக் என்றால் ராஜா!

கேஸ் சிலிண்டர் வந்தால் எடையை செக் பண்ணி வாங்குகிறோம். பஸ்ஸில் செக்கிங் ஏறினால் பாக்கெட்டில் டிக்கெட்டைத் தேடுகிறோம். மாநில எல்லை வந்தால் செக்போஸ்ட். ஊர் ஓடையில் செக் டேம். பேங்கில் செக் புக். ஜவுளிக்கடையில் செக்டு சட்டை. ஐம்பதைத் தாண்டினால் ஆஸ்பத்திரியில் மாஸ்டர் செக்கப். தேர்தல் நேரத்தில் பத்திரிகையைப் பிரித்தால், எந்தக் கட்சி எந்தக் கட்சிக்கு ‘செக்’ வைத்தது என்பதுதான் தலைப்புச் செய்தி!

இத்தனைக்கும் வேர் ஒன்றுதான். அந்த வேர்ச்சொல்லுக்கு அர்த்தம் ‘அரசன்’. பாரசீக மொழியின் ‘ஷா’. ஷாஜஹான் என்ற பெயரில் இருக்கிறதே, அதே ஷா.

நூலகத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் கனமான தொகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன், ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்கிறேன், இப்போது உங்களிடமும் சொல்லப்போகிறேன். உலகத்தில் இவ்வளவு அழகாக ஊர் சுற்றிய சொல் வேறொன்று இருக்குமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கதை நம் நாட்டில்தான் தொடங்குகிறது. யானை, குதிரை, தேர், காலாள் என நான்கு அங்கம் கொண்ட படைதான் சதுரங்கம். அந்தப் பெயரில் ஒரு பலகை விளையாட்டு 6ஆம் நூற்றாண்டு வாக்கில் வட இந்தியாவில் ஆடப்பட்டு, அங்கிருந்து பாரசீகத்துக்குப் போனது. அவர்கள் வாயில் ‘சத்ரங்’ ஆயிற்று. 7ஆம் நூற்றாண்டில் அரபுப் படைகள் பாரசீகத்தைப் பிடித்தபோது ஆட்டமும் அவர்கள் கைக்கு வந்தது. பெயர் ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. ஆட்டத்தின் பெயர் இங்கிருந்து போனதுதான். ஆனால் ஆடும்போது எழுப்பும் குரல் பாரசீகருடையது. எதிராளியின் ராஜாவைக் காய் தாக்கும்போது ‘ஷா!’ என்று எச்சரிக்கை சொல்வார்கள். ராஜா, ஜாக்கிரதை! அவ்வளவுதான் அதன் பொருள்.

ராஜா தப்பிக்க இடமே இல்லையென்றால் ‘ஷா மாத்’. ராஜா திகைத்துச் செயலற்றுப் போனார் என்று அர்த்தம். ‘மாத்’ என்பது அரபியில் ‘இறந்தான்’ என்பதுபோல ஒலிப்பதால், ராஜா செத்தார் என்று பலர் பொருள் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பாரசீகப் பொருள்தான் உயிர். ஏனென்றால் ஆட்டத்தின் இலக்கணமே அதுதானே! சதுரங்கத்தில் யானையை வெட்டலாம், குதிரையை வெட்டலாம், மந்திரியை வெட்டலாம். ராஜாவை மட்டும் யாரும் வெட்டுவதில்லை. அவர் கட்டத்திலேயே நிற்கிறார், நகர வழியில்லை, ஆட்டம் முடிந்தது. ‘செக்மேட்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த நுட்பம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

‘ஷா’வின் பூர்வீகம் இன்னும் பின்னால் போகிறது. 2,500 ஆண்டுகளுக்கு முன் ஈரானின் பெஹிஸ்தூன் மலைப்பாறையில் பேரரசன் டரியஸ் வெட்டிவைத்த கல்வெட்டில் ‘க்ஷாயதிய’ என்று வருகிறது. அரசன் என்பதற்கான பழம்பாரசீகச் சொல் அது. அதுதான் காலப்போக்கில் தேய்ந்து ‘ஷா’ ஆனது. நாம் க்ஷத்திரியன் என்கிறோமே, அதிலுள்ள ‘க்ஷத்ர’வும் இதுவும் ஒரே குடும்பம். பேங்க் கவுன்டரில் நீட்டும் செக்குக்கும் க்ஷத்திரியனுக்கும் ரத்த சம்பந்தம்! இதைக் கேட்டுவிட்டு எப்படி ஐயா சும்மா இருக்க முடியும்?

அரேபியரிடமிருந்து ஸ்பெயின், இத்தாலி வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. ‘ஷா’வை லத்தீன்காரர்கள் ‘ஸ்காக்கி’ என்று எழுதினார்கள். பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’. அதை ஆங்கிலேயர் வாங்கி, தலையை வெட்டி ‘செக்’ ஆக்கினார்கள். அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவத்திலிருந்து வந்ததுதான் ‘செஸ்’. அதாவது செக் ஒருமை, செஸ் பன்மை! 14ஆம் நூற்றாண்டிலேயே கவிஞர் சாசர், மனைவியை இழந்த ஒரு வீரன் விதியோடு சதுரங்கம் ஆடித் தோற்றதாக எழுதியபோது செக், மேட், செக்கர் என்று மூன்று சொல்லையும் அடுத்தடுத்த வரிகளில் போட்டிருக்கிறார்.

மற்ற மொழிகளிலும் இந்த ராஜா உலா வந்திருக்கிறார். ஜெர்மனியில் ஆட்டத்தின் பெயரே ‘ஷாக்’. ரஷ்யாவில் ‘ஷாக்மத்தி’. பிரெஞ்சில் ‘எஷெக்’ என்றால் தோல்வி என்றும் அர்த்தம் வந்துவிட்டது. போர்த்துகீசியரோ ‘ஷத்ரேஸ்’ என்கிறார்கள். அது நம் சதுரங்கம் அரபு வழியாகப் போய்ச் சேர்ந்த வடிவம். அதற்குக் கட்டம் போட்ட துணி என்ற பொருளும் உண்டு, பேச்சுவழக்கில் கம்பி போட்ட லாக்கப் என்றும் பொருள்!

சரி, ராஜாவுக்கும் செக் டேமுக்கும் என்ன தொடர்பு? இங்கேதான் சொல்லின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். பலகையில் ‘செக்’ என்ற குரல் எழுந்ததும் நீங்கள் போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் நின்றுபோகும். முதலில் ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். ஆகவே செக் என்றாலே ‘தடுத்து நிறுத்துவது’ என்று பொருள் வளர்ந்தது. பாயும் குதிரையைக் கடிவாளத்தால் நிறுத்துவது செக். அரசாங்கத்தின் ஓர் அங்கம் இன்னொன்றை அத்துமீறாமல் தடுப்பது செக். ஓடும் தண்ணீரை மறித்து நிறுத்துவதால் தடுப்பணைக்கு செக் டேம்.

இந்தப் பழைய பொருள் உயிரோடு துடிப்பதை நான் கண்ணால் கண்டது ஒரு லாரிப் பட்டறையில். மெக்கானிக் ஒருவர் போல்ட்டில் ஒரு நட்டை முறுக்கிவிட்டு, அதன்மேல் இன்னொரு நட்டை வைத்தார். அடி நட்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மேல் நட்டை இன்னொரு ஸ்பேனரால் இறுக்கினார். ‘எதுக்குத் தம்பி ரெண்டு?’ என்று கேட்டேன். ‘ஒண்ணு மட்டும் போட்டா வண்டி ஆடுற ஆட்டத்துல கழண்டுக்கும் சார். மேல செக் நட்டு போட்டா அது நகராது, அப்படியே நிக்கும்’ என்றார். ராஜா நகரக் கூடாது, நட்டு நகரக் கூடாது! பாரசீக அரசவையில் பிறந்த பொருள், கிரீஸ் படிந்த அந்தக் கையில் துளியும் குறையாமல் இருந்தது. எனக்கு அந்தத் தம்பியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

நிறுத்துவதற்கு அடுத்த படி, நிறுத்திப் பார்ப்பது. கணக்கு தப்பாகப் போய்விடாமல் தடுக்க வேண்டுமானால் அங்கங்கே நிறுத்திச் சரிபார்க்க வேண்டும் அல்லவா? அப்படித்தான் ‘செக் பண்ணு’ வந்தது. செக்போஸ்ட்டில் இரண்டு பொருளும் கைகோத்து நிற்கின்றன: வண்டியை நிறுத்துகிறார்கள், பிறகு பார்க்கிறார்கள்.

இப்போது கதையின் உச்சக்கட்டத்துக்கு வருகிறேன். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. வெஸ்ட்மின்ஸ்டரில் அரசரின் வரவு செலவைப் பார்க்கும் அறை. நடுவில் ஒரு பெரிய மேஜை. ஏறத்தாழ 10 அடி நீளம், 5 அடி அகலம். காய்கள் உருண்டு விழாமலிருக்க நான்கு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. ஈஸ்டரின்போதும், செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸின்போதும் ஒவ்வொரு மாவட்டத்தின் ஷெரீஃபும் வந்து, வசூலித்த பணத்துக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

அன்று கணக்கெழுதியது ரோமன் எண்களில். அதை வைத்துக் கூட்டிக் கழிப்பது பெரும் பாடு. அதனால் துணியின் கட்டங்களில் காய்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு வரிசை பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுண்டுக்கு, அதற்கப்புறம் இருபது, நூறு, ஆயிரம். கட்ட வேண்டியது மேலே, கட்டியது கீழே. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடக் கண்ணால் பார்த்தே பாக்கியைத் தெரிந்துகொள்ளலாம்! பார்ப்பதற்குச் சதுரங்கப் பலகை போலவே இருந்ததால், அந்த மேஜைக்கும் அந்த அலுவலகத்துக்கும் ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்தது. சதுரங்கப் பலகை என்பதுதான் அதன் நேர்பொருள்.

இதையெல்லாம் எழுதிவைத்தவர் அரசரின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல். 1170களில் எழுதத் தொடங்கிய அவருடைய லத்தீன் நூலில், அந்த மேஜையில் நடப்பதும் ஒரு போர்தான், ஒருபுறம் பொருளாளர், மறுபுறம் ஷெரீஃப் என்று அவரே விளக்குகிறார். வரவுக்கு ரசீதாக மரக்குச்சிகளில் வெட்டு போட்டுக் கொடுத்ததையும் விவரிக்கிறார். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அளவு வெட்டு; நூறுக்குக் கட்டைவிரல் அளவு; இருபதுக்குச் சுண்டுவிரல்; ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணி அளவு. பிறகு குச்சியை நெடுக்கில் பிளந்து ஆளுக்கொரு பாதி. இரண்டையும் சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். யாரும் ஏமாற்ற முடியாது.

அந்தக் குச்சிகளின் முடிவும் சாதாரணமானதல்ல. வழக்கொழிந்து குவிந்துகிடந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்குக் கீழிருந்த அடுப்பில் போட்டு எரித்தார்கள். புகைபோக்கி சூடேறித் தீப்பிடித்து, பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் எரிந்தே போயின! இன்று நாம் படங்களில் பார்க்கும் வெஸ்ட்மின்ஸ்டர் கட்டடம் அதன்பின் எழுந்தது. ஆனால் பெயர் எரியவில்லை. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றைக்கும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’தான்.

அதே பலகையின் கட்டங்கள்தான் துணிக்கும் பெயர் கொடுத்தன. செக்டு சட்டை என்றால் சதுரங்கப் பலகைச் சட்டை என்றே பொருள். நம் நெசவாளர்கள் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி கடல் கடந்து ‘மெட்ராஸ் செக்’ என்று உலகப் புகழ் பெற்றது. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டினார்களே, ஊரே போய் நின்று படம் எடுத்துக்கொண்டதே, நானும் போய் நின்றேன். ஆனந்தும் பிரக்ஞானந்தாவும் குகேஷும் எழுந்த ஊரில், இந்தச் சொல்லின் முழு வரலாறும் பாலமாக நிற்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பேங்க் செக்? 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லண்டனில் பண ஓலையின் அடிக்கட்டைக்குத்தான் ‘செக்’ என்று பெயர். கள்ளத்தனத்தைத் தடுப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் அது உதவியது. பிளந்த குச்சியின் அதே தத்துவம், இம்முறை காகிதத்தில்! பிறகு அடிக்கட்டையின் பெயர் ஓலைக்கே ஒட்டிக்கொண்டது. எக்ஸ்செக்கரின் நினைவில் பிரிட்டிஷார் அதற்குத் தனி எழுத்துக்கூட்டு வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கர் பழைய எழுத்திலேயே விட்டுவிட்டார்கள். தமிழில் எழுதும்போது அந்த வேறுபாடே இல்லை. பிரிந்துபோன அண்ணன் தம்பிகளை நம் எழுத்து ‘செக்’ என்ற ஒரே கூரையின்கீழ் சேர்த்துவைத்துவிட்டது. செக் குடியரசும், எண்ணெய் ஆட்டும் நம் செக்கும் மட்டும் வேறு குடும்பம், ஒலிதான் ஒன்று.

இதில் எனக்கு மிகப் பிடித்தது என்ன தெரியுமா? இந்தப் பொருள்களில் எதையும் ஒரு பண்டிதர் உட்கார்ந்து உருவாக்கவில்லை. ஆட்டக்காரர், கணக்கர், நெசவாளர், வங்கிக்காரர், மெக்கானிக் என்று வேலை செய்தவர்கள் தங்கள் கைக்கு வேண்டியபடி வளைத்துக்கொண்டார்கள். நாமும் சும்மா இருக்கவில்லை. ‘செக் வைத்தார்’ என்று எழுதும் நம் பத்திரிகைக்காரர்கள், காயை வைப்பதுபோல நம் வினைச்சொல்லைச் சேர்த்து, அந்தச் சொல்லை மறுபடி சதுரங்கப் பலகைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அபாரம்!

அதனால் என் வேண்டுகோள் இதுதான். அகராதியைத் திறந்தால் அரிய சொல்லைத் தேடாதீர்கள். அரிய சொல் அலமாரியிலேயே இருந்திருக்கும். அதற்குச் சொல்ல எதுவும் இருக்காது. தெருவில் தேய்ந்த சொல்லைத் தேடுங்கள். ஆயிரம் கை மாறிய சொல்லுக்குத்தான் ஆயிரம் கதை. எதில் தொடங்குவது என்று தெரியவில்லையா? ‘பேங்க்’கில் தொடங்குங்கள். இத்தாலியில் காசு மாற்றுகிறவர்கள் கடை பரப்பிய பலகையில் போய் நிற்பீர்கள்.